ஆமென் சொன்னவள்

என் மனைவி றோசலினுக்கு நான் இரண்டாவது ஆள். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. கல்யாணமான முதல் வாரமே, முதலில் ஆண்டவர், அப்புறம்தான் நீங்கள் என்று அவள் சொல்லிவிட்டாள். ஆண்டவரோடு போட்டி போட்டு யார் ஜெயித்திருக்கிறார்கள் என்று நானும் தலையாட்டிவிட்டேன். எனக்கு அடுத்தபடிதான் தன் அண்ணன் அலோசியஸ் என்று அவள் சொன்னதை மட்டும் நான் நம்பவில்லை. அவள் மனதில் அண்ணன் என்னைவிட ஒரு படி மேலேதான் இருந்தார். இன்றைக்கும் அப்படித்தான்.

அதற்குக் காரணம் உண்டு. அவர்களுடைய அம்மா சீக்கிரமே போய்விட்டாள். அப்பா இறந்தபோது றோசலின் சின்னப்பிள்ளை. படிப்பில் கெட்டிக்காரராக இருந்த அலோசியஸ் மச்சான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கையில் எடுத்தார். தங்கச்சியைத் தலவாக்கலைக்கு பஸ்ஸில் அனுப்பிப் படிக்க வைத்தார். காலையில் அவளுக்குத் தலைவாரி ரெட்டைச்சடை பின்னிவிட்டதும் அவர்தானாம். அந்தச் சடைகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருக்கும் என்று றோசலின் சிரித்துக்கொண்டே சொல்வாள், சொல்லும்போதே கண் கலங்கும். இப்போது அவள் எங்கள் ஊசிமலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மச்சான் ஆம்பளை ஆட்களிடம் வேலை வாங்கும் கங்காணி. நான் தோட்டத்துக்கும் தலவாக்கலை டவுனுக்கும் ஆட்டோ ஓட்டுகிறவன்.

மேல் டிவிசனில் எங்களுக்கு ஓர் அந்தோனியார் கோயில் இருக்கிறது. றோசலினுடைய பூட்டன் பெரிய கங்காணியாக இருந்த காலத்தில் கட்டியது. ஜூன் மாதத் திருநாளில் அந்தோனியார் சுரூபத்தைச் சப்பரத்தில் வைத்து நாலு பேர் தோளில் தூக்கிப் பவனி வருவோம். முன்னால் இரண்டு தோள், பின்னால் இரண்டு தோள். முன்தோள் இரண்டும் பெரிய கங்காணி குடும்பத்துக்கு என்பது வழமை. வலது தோள் மச்சானுக்கு. இடது தோள் அவருக்கு ஒரு தம்பி இருந்திருந்தால் அவனுக்குப் போயிருக்கும். இல்லாதபடியால் றோசலினுக்கு வந்தது. அவளுக்கு வந்தது என்றால் எனக்கு வந்தது என்று அர்த்தம், பொம்பளை சப்பரம் தூக்குவாளா? அப்படித்தான் கல்யாணமான வருஷத்திலிருந்து நான் முன்தோள்காரன். வருஷம் முழுக்க ஹோர்ன் அடித்து வழி கேட்கிற ஆட்டோக்காரனுக்கு அந்த ஒரு நாள் ஊரே வழிவிடும். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

பவனி கோயிலிலிருந்து இறங்கி, மேல் லயங்களின் வரிசை வீடுகளைச் சுற்றி, மச்சானுடைய வீட்டு வாசல்வரைக்கும் போகும். அங்கே ஒரு செபம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடும். அதற்குக் கீழே பாதை இறங்குகிற இடத்தில் கீழ் லயம் இருக்கிறது. அங்கேயும் எங்களைப்போல வேதக்காரர்கள்தான். கோயிலில் அவர்களும் முழங்காலில் இருப்பார்கள், ஆனால் கதவோரமாக. சாதிப் பேரை எங்கள் தோட்டத்தில் யாரும் வாயால் சொல்வதில்லை. ‘கீழ் லயத்து ஆளுங்க’ என்றால் போதும், எல்லாருக்கும் விளங்கிவிடும். அந்தோனியார் அந்தப் பாதையில் இறங்கியதே இல்லை. அவருக்குக் கால் வலியா, எங்களுக்கு மனசு வலியா என்று அந்தக் காலத்தில் நான் யோசித்ததில்லை.

போன மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை விடும் நேரத்தில், கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள்மேல் குளவி கிளம்பிவிட்டது. எல்லாரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அழகம்மா அக்கா கால் தடுக்கி விழுந்துவிட்டாள். அவள் மேல் லயத்துக்காரி. கீழ் லயத்து ஜீவராணியின் மகன் வினோஜன் பக்கத்து மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தான். ஓடி வந்தவன், தேயிலைச் செடி கீறாமல் பெண்கள் இடுப்பில் சுற்றும் தடித்த படங்குத் துணி ஒன்றை அழகம்மா அக்காமேல் விரித்து மூடி, அதற்குமேல் தானே கவிழ்ந்து படுத்துக்கொண்டான். அவள் தப்பினாள். அவனுடைய முதுகிலும் கழுத்திலும் குளவி கொட்டாத இடமில்லை.

அவனை என் ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இரண்டு பேர் அவனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், தாயை ஏற்ற இடமில்லை. பாதி வழியில் அவனுக்கு நினைவு தப்பியது. கண்ணாடியில் அவன் வீங்கிய முகத்தைப் பார்க்கப் பயந்து ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

அந்த நேரம் கோயிலில் நடந்ததை நான் பிறகுதான் கேள்விப்பட்டேன். செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு நவநாள். எங்களுக்கு ஃபாதர் மாதம் ஒருமுறைதான் டவுனிலிருந்து வருவார், மற்ற நாட்களில் செபம் சொல்லிக்கொடுப்பது றோசலின். அவள் ஒவ்வொரு மன்றாட்டாகச் சொல்லச் சொல்ல, சனம் ஆமென், ஆமென் என்று ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஜீவராணி படங்கும் சேறுமாக உள்ளே ஓடி வந்து, கதவோரத்தில் நிற்காமல், சுரூபத்துக்கு முன்னாலேயே விழுந்திருக்கிறாள்.

“அந்தோனியாரே, எம் புள்ளைய எந்திரிச்சு நடக்க வையுங்க. இந்தத் திருநாளுக்கு ஒங்கள அவன் முன்தோள்ல தூக்குவான்” என்று சத்தமாக நேர்ந்துகொண்டாள்.

கோயில் முழுக்க ஆமென் என்றது. முன்வரிசையில் இருந்த அலோசியஸ் மச்சானின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டதாம். அது அவருடைய வழக்கம். நேர்ந்தவளுக்குத் தான் நேர்ந்தது தன்னுடைய பொருள் இல்லை என்பது அந்த நேரம் நினைவில் இல்லை. ஆமென் சொன்னவர்களுக்குத் தாங்கள் எதற்கு ஆமென் சொன்னோம் என்பது தெரியாது. றோசலின் ஒருத்திதான் ஒரு மூச்சு நிறுத்தி, ஜீவராணியின் தலையில் கைவைத்து, நிதானமாக ஆமென் சொன்னாள்.

வினோஜன் பிழைத்தான். ஆஸ்பத்திரியில் நல்லபடி பார்த்தார்கள், அவனும் இளவட்டம். வீடு வந்து சேர்ந்த அன்று மேல் லயத்திலிருந்துகூட ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். அழகம்மா அக்கா ஒரு சேவலைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் எங்கள் வேதக்காரியே இல்லை, மாரியம்மன் கோயில்காரி. ஆனாலும் அந்தோனியாரிடம் அவளுக்குத் தனியாக ஒரு கொடுக்கல் வாங்கல் எப்போதும் உண்டு. இப்படி ஒரு வாரம் சந்தோஷமாகப் போனது. அதற்குப் பிறகுதான் யாரோ, ‘அப்ப முன்தோள்?’ என்று கேட்டிருக்கிறார்கள்.

திருநாள் கொடியேறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிளேன்டீ கொடுத்தோம். அதை அவர் தொடவில்லை. முதலில் நல்லபடியாகத்தான் பேசினார். நேர்த்தியை மாற்றிக்கொள்ளலாம், பையனின் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தட்டும், திருநாள் சனத்துக்கெல்லாம் அப்பம் கொடுக்கட்டும், வேண்டுமானால் தானே அந்தச் செலவை ஏற்கிறேன் என்றார். ஒருத்தர் வீட்டுப் பொருளை இன்னொருத்தர் நேர்ந்துகொண்டால் அது எப்படிச் செல்லும் என்று கேட்டார். நியாயமாகத்தான் எனக்கும் பட்டது.

றோசலின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வலது தோளை நான் கேட்கவில்லை, இடது தோள் என்னுடையது, அதை வினோஜனுக்குக் கொடுக்கப்போகிறேன் என்றாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பக்கத்தில் சுவரில் மாட்டிய படம்மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மச்சானின் முகம் மாறிவிட்டது. நினைத்துப் பேசு என்றார்.

“அன்னைக்கு நீங்களும்தான் ஆமென் சொன்னீங்க அண்ணே” என்றாள் றோசலின்.

“அது வாய்ப் பழக்கத்துல சொன்னது.”

“எனக்கு அது வாய்ப் பழக்கம் இல்ல. ஆண்டவர்கிட்டக் குடுத்த சொல்லு.”

மச்சான் எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “அப்பாவ அடக்கம் பண்ண அன்னைக்கு ஒன்னைய இந்தத் தோள்லதான் தூக்கிக்கிட்டு மலையேறினேன் றோசி. இந்தத் தோளுக்குப் பக்கத்துல கீழ் லயத்துத் தோளக் கொண்டாந்து வைப்பியா? வச்சுப்பாரு. நிலக்ஷி கல்யாணத்துக்குத் தாய்மாமன் இல்ல. எனக்குத் தங்கச்சியும் இல்ல.”

நிலக்ஷி எங்கள் ஒரே மகள். ஜூலை மாதக் கடைசியில் அவளுக்குக் கல்யாணம் குறித்திருந்தோம், மாப்பிள்ளை கந்தப்பளைப் பையன். வேதக்காரர்களானாலும் எங்கள் ஆட்களில் கல்யாணப்பெண்ணைக் கைப்பிடித்துக் கோயிலுக்குக் கூட்டி வருவது தாய்மாமன்தான். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது பெண் அவன் இல்லாமல் படியேறினால் ஊர்வாய் லேசில் மூடாது. மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் நாங்கள் விழிக்க முடியாது. அது எல்லாவற்றையும்விட, றோசலினுக்கு அண்ணன் இல்லாத கல்யாணம் என்பது உப்பில்லாத சோறுகூட இல்லை, சோறே இல்லாத இலை.

அவள் அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு, “நீங்க இல்லன்னா நானே இல்ல அண்ணே. அத நான் மறக்கல. ஆனா ஒங்களுக்காக அவர்கிட்டப் பொய்காரியாப் போய் நிக்க என்னால முடியாது” என்றாள்.

மச்சான் போய்விட்டார். அவர் தொடாமல் வைத்த கோப்பையை அவள் வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. ஆமென் என்பது ஒரு சின்னச் சொல், அதற்காகக் கூடப்பிறந்தவனைத் தூக்கியெறிவார்களா, ஆண்டவர் என்ன புருஷனையும் பிள்ளையையும் அண்ணனையும் விட்டுவிட்டு வா என்றா உன்னிடம் கேட்டார் என்று கத்தினேன். கேட்டிருக்கிறார், நீங்கள்தான் பூசையில் தூங்கிவிடுகிறீர்கள் என்றாள். அவர் கேட்டது எந்த ஞாயிறு என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

சரி, நான் எங்கே போவது, வருஷா வருஷம் தோள் கொடுத்தவனுக்கு என்ன வேலை என்று கேட்டேன். நீங்கள் மணி அடியுங்கள் என்றாள். மணி அடிப்பது எங்கள் கோயிலில் முதல் நற்கருணை நன்மை வாங்காத சின்னப் பையன்கள் செய்கிற வேலை.

நிலக்ஷியிடம் போய், உன் அம்மாவிடம் நீயாவது சொல் என்றேன். மாமா வராவிட்டால் எனக்கு அழுகை வரும் அப்பா, ஆனால் அம்மாவை நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வராது என்றாள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. ஃபாதரிடம் போனேன். புதிதாக வந்த நல்ல மனுஷன். நேர்த்தியை மாற்றவும் இடமுண்டு, நிறைவேற்றவும் இடமுண்டு, சண்டை மட்டும் வேண்டாம் என்றார். மதில்மேல் பூனைக்கு அங்கி போட்டதுபோல இருந்தது எனக்கு. கடைசியில் வினோஜனே ஒருநாள் வந்து, வாசலுக்கு வெளியே நின்றபடி, கரைச்சல் வேண்டாம் டீச்சர், அம்மா பதற்றத்தில் நேர்ந்தது, அந்தோனியாருக்குத் தெரியாதா என்று கெஞ்சினான். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் அவனுக்கு ஏற்கனவே செங்குத்தான மலைகளாகவே கிடைத்துக்கொண்டிருந்தன. றோசலின் அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். இது உன் அம்மாவோடு முடிகிற காரியம் இல்லை தம்பி, நான் சாட்சி என்றாள்.

அந்த நாட்களில் அவள் அண்ணன் வீட்டுப் பக்கம் இரண்டு தரம் போனாள். இரண்டு தரமும் மச்சானின் மனைவி யூஜினா அக்கா கதவில் நின்று, அவர் வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பினாள். அவருடைய செருப்பு வாசலில் கிடந்தது.

திருநாளும் வந்தது. தலவாக்கலைப் பக்கத்தில் ஜூன் மாதம் மழைக்குச் சொல்லவா வேண்டும். பூசை முடியும்வரை பொறுத்திருந்த மழை, சப்பரத்தை வாசலில் கொண்டுவந்து பெஞ்சுகளில் வைத்தவுடன் தூற ஆரம்பித்தது. அந்தோனியார் கையில் குழந்தையோடு, வெள்ளை லீலிப் பூக்களுக்கு நடுவில் நின்றார். மச்சான் வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரம், தோளில் மடித்த துண்டோடு வலது பக்கம் வந்து நின்றார். பின்தோளுக்கு மேல் லயத்து ஆட்கள் இரண்டு பேர். நான் மணியைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால், வெட்கம்கெட்டவன்போல நின்றேன்.

றோசலின் வினோஜனைக் கூப்பிட்டாள். அவன் சனத்தைப் பிளந்துகொண்டு வந்து இடது தண்டைத் தொட்டுக் கும்பிட்டான். கழுத்தில் குளவி கொட்டிய தழும்புகள் இன்னும் கறுப்புக் கறுப்பாக இருந்தன. அவன் குனிந்து தோள் கொடுத்தான்.

மச்சான் அந்தோனியாரை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார். தன் வீட்டுப் பக்கம் நடந்து போய்விட்டார். பின்தோள்காரர்கள் இரண்டு பேரும் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்துக்கொண்டு விலகினார்கள். மேல் லயத்து ஆம்பளைகள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஹட்டனிலிருந்து வந்த பேண்ட் வாத்தியக்காரர்கள் மழைக்கு ஒதுங்கிக் கோயில் தாழ்வாரத்துக்குள் போய்விட்டார்கள். வினோஜன் மட்டும் ஒரு தண்டில் தோளை வைத்துக்கொண்டு, குனிந்தவன் நிமிராமல், அப்படியே நின்றான். அவன் காது சிவந்துபோயிருந்தது. எனக்கு ஓடிப்போய்த் தோள் கொடுக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் கால் வரவில்லை.

றோசலின் கையில் இருந்த செபப்புத்தகத்தை நிலக்ஷியிடம் கொடுத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். அண்ணன் விட்டுப்போன வலது தண்டுக்கு வந்து தோளை வைத்தாள்.

பொம்பளை தூக்குற வழக்கம் நம்மிடம் இல்லையே டீச்சர் என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். அவள் திரும்பவில்லை. பதில் சொன்னது அழகம்மா அக்கா. சனத்தை முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்தவள், “காலம் பூரா கொழுந்து தூக்குனோம், வெறகு தூக்குனோம், குடிச்சிட்டு விழுந்த ஒங்களையும் தூக்குனோம். அப்பெல்லாம் எந்த வழக்கமும் வந்து மறிக்கலியே” என்றாள். சொல்லிக்கொண்டே பின்தண்டு ஒன்றைப் பிடித்தாள். அடுத்த தண்டுக்கு ஜீவராணி வந்தாள். கொண்டுவந்திருந்த படங்கை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள், அழகம்மாவுக்கும் ஒன்று கொடுத்தாள்.

நான் மணியை அடித்தேன். சப்பரம் எழுந்தது.

எங்கள் கோயில் படிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழையில் பாசி பிடித்த கல். ஆம்பளைகள் நாலு பேர் தூக்கும்போது வருஷம் தவறாமல் யாராவது சறுக்குவோம், ஒரு வருஷம் என்னால்தான் அந்தோனியாரின் பூக்கள் எல்லாம் சேற்றில் விழுந்தன. பெண்கள் சறுக்கவில்லை. மழையிலும் பனியிலும் கூடை நிறையக் கொழுந்தோடு செங்குத்து மலையில் இறங்கிப் பழகிய கால்கள் அவை. பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, விரலை ஊன்றி, ஒரே சீராக இறங்கினார்கள். அழகம்மா அக்கா பின்னாலிருந்து, எடது வையி, மெல்ல, கல்லு ஆடுது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வாழ்க்கையில் சாக்பீஸைத் தவிர எதையும் தூக்காத என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு அவர்களுக்கு ஈடாக அடி வைத்தாள். ஃபாதர் குடையை மடக்கிவிட்டுச் சிலுவையைத் தானே எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். அந்த நிமிஷத்திலிருந்து அவரை நான் பூனை என்று நினைப்பதில்லை.

பேண்ட் இல்லாத குறையைக் கீழ் லயத்து ஆட்கள் தீர்த்தார்கள். தப்புப் பறை அடிப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் சாவு வீட்டுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் அவர்களைத் தேடுகிற நாங்கள் அந்தோனியாருக்கு முன்னால் மட்டும் அடிக்க விட்டதில்லை. எங்கே வைத்திருந்தார்களோ தெரியாது, படி இறங்கி முடிவதற்குள் நாலு தப்பு முழங்க ஆரம்பித்தது. மழைச்சத்தம் அதற்குள் அமிழ்ந்துபோனது. மேல் லயத்து வாசல்களில் ஒளிந்துகொண்டிருந்த சனம் ஒவ்வொருத்தராக வெளியே வந்தது. முதலில் பெண்கள், பிறகு பிள்ளைகள், கடைசியில் ஆம்பளைகள்.

அப்படியே மச்சானின் வீட்டு வாசலுக்கு வந்தோம். கதவு சாத்தியிருந்தது. வருஷா வருஷம் போடும் வெள்ளை விரித்த மேசை இல்லை, திரி இல்லை. றோசலின் நிற்கச் சொன்னாள். தப்பு ஓய்ந்தது. ஒரு செபம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம் என்று நான் கண்ணால் காட்டினேன். அவள் கதவையே பார்த்தாள்.

“அண்ணே, அந்தோனியார் வாசல்ல நிக்கிறாரு. எனக்காகத் தொறக்க வேணாம். அவருக்காகத் தொறங்க.”

ஓட்டுத்தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. ஜீவராணிக்கு மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. றோசலினின் தோளில் சேலை நனைந்து ஒட்டியிருந்தது, தண்டு பதிந்த இடத்தில் சட்டை கசங்கிப்போயிருந்தது. அவள் கூப்பிட்டது ஒரே தரம்தான், மறுபடி கூப்பிடவில்லை. யூஜினா அக்கா ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். பிறகு கதவு திறந்தது.

மச்சான் அதே வெள்ளைச் சட்டையோடுதான் இருந்தார். கழற்ற மனம் வரவில்லைபோலும். வாசலில் இறங்கி மழையில் நின்றார். சுரூபத்தைப் பார்த்தார். பிறகு தங்கச்சியின் தோளைப் பார்த்தார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், அந்த மனுஷனின் உதடு நடுங்கியது.

“எறங்கு றோசி. ஒனக்குத் தோளு செவந்துபோச்சு. நான் புடிக்கிறேன்” என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அப்பாடா, தீர்ந்தது தொல்லை, கல்யாணம் நடக்கும், தாய்மாமன் வருவார் என்று மனம் துள்ளியது. வினோஜன் இடது பக்கம், மச்சான் வலது பக்கம், நேர்த்தியும் ஆயிற்று, வழமையும் நின்றது. இதைவிட வேறென்ன வேண்டும்? றோசலினைப் பார்த்தேன். இறக்கிவைத்துவிட்டு அண்ணன் நெஞ்சில் விழவேண்டும் என்று அவள் உடம்பெல்லாம் தவித்தது எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு அதுகூடத் தெரியாதா?

“இது பூட்டன் வச்ச எடம் இல்லண்ணே, அந்தோனியாரோட தோள்” என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது. “முன்னால எடம் இல்ல. பின்னால அழகம்மா அக்காவுக்கு ஏலாமப் போச்சு.”

கையில் வந்ததைத் தட்டிவிடுகிறாளே என்று அவள்மேல் கொதித்தேன். கொதிப்பு அடங்கிய பிறகுதான் விளங்கியது. அந்த நேரம் அவள் விலகியிருந்தால், முன்தோள் இன்னும் பெரிய கங்காணி வீட்டுச் சொத்துதான் என்று ஒத்துக்கொண்டு, அண்ணன் முகத்துக்காக ஆண்டவரை ஓரமாக நிற்கச் சொன்னதாகியிருக்கும். கதவு சாத்தியிருந்தபோது அவளுக்கு வந்த சோதனை சின்னது. திறந்த பிறகு வந்ததுதான் பெரியது.

மச்சான் அசையவில்லை. பெரிய கங்காணியின் கொள்ளுப்பேரன் பின்தோள் கொடுத்தான் என்று ஊர் பேசும். அவர் வினோஜனைப் பார்த்தார். அவன் முன்னால் பார்த்தபடி, கண்ணை மூடி, ஏதோ செபம் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கழுத்துத் தழும்புகளில் மழைத்தண்ணீர் வழிந்தது. மச்சான் தன் துண்டை எடுத்தார். மறுபடியும் உதறிவிட்டு உள்ளே போகப்போகிறார் என்று நினைத்தேன். அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, தங்கச்சியைத் தாண்டி, வினோஜனைத் தாண்டி, பின்னால் போனார். அழகம்மா அக்கா விலகி இடம் கொடுத்தாள். ஜீவராணிக்குப் பக்கத்தில் அவர் குனிந்து தோளை வைத்தார்.

நான் திரும்புவதற்காக மணியை உயர்த்தினேன். வழக்கமாக அங்கேதான் திரும்புவோம். றோசலின் கீழ்ப்பாதையைக் காட்டினாள். தப்பு மறுபடி எழுந்தது, முதல் அடியிலேயே மலை அதிர்ந்தது.

அந்தோனியார் கீழ் லயத்துக்கு இறங்கினார். ஒரு வீட்டில்கூட மேசை இல்லை, அவர் வருவார் என்று யாருக்குத் தெரியும்? கதவைக் கழற்றி வைத்தார்கள், கட்டிலைப் போட்டு வேட்டியை விரித்தார்கள், ஒரு வீட்டில் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து அதன்மேல் திரி கொளுத்தினார்கள். நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அழாதவர்கள் அங்கே யாரும் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்றோம், ஒரு வாசலையும் விடவில்லை.

பிறகு ஏற்றம். இறங்கும்போது முன்தோள்காரனுக்குப் பாரம், ஏறும்போது பின்தோள்காரனுக்கு. சப்பரம் பின்பக்கம் சாய்ந்து முழுப் பாரமும் மச்சான்மேல் விழுந்தது. என்றைக்கும் முன்னாலேயே நின்ற மனுஷனுக்கு அது புதிது. அவர் மூச்சு உலை ஊதுகிறமாதிரி கேட்டது. ஜீவராணிக்குப் பதிலாக மேல் லயத்துப் பையன் ஒருத்தன் தோள் கொடுத்தான், மச்சான் மட்டும் மாற்றவில்லை. பாதி ஏற்றத்தில் வினோஜன் பயந்துகொண்டே தலையைத் திருப்பி, மாத்திக்கலாமா கங்காணி ஐயா என்று கேட்டான்.

“திரும்பாம நட தம்பி” என்றார் மச்சான். “ஒங்கம்மா நேந்தது முன்னாலதான். நீ முன்னாலேயே பாத்து நட.”

பெரட்டில் டேய் என்று கூப்பிட்ட வாய் அது. அந்தத் தம்பி என்ற சொல்லைக் கேட்டதும் றோசலின் அழுதாள். இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தது முழுவதும் வந்தது. தண்டை விடாமல், அடி தவறாமல், அழுதுகொண்டே ஏறினாள். நானும் அழுதேன். அழுதுகொண்டே மணி அடித்தேன், அடித்த அடியில் கீழ்மலை வரைக்கும் கேட்டதாம்.

கோயில் வாசலில் சப்பரத்தை இறக்கி வைத்தோம். ஜீவராணி மகனைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேல் லயத்து ஆட்களும் கீழ் லயத்து ஆட்களும் ஒரே வாளியில் கோப்பி மொண்டு குடித்தார்கள். ஊர் ஒரு நாளில் திருந்திவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. அன்றைக்குக் கோப்பி குடிக்காமல் போனவர்களும் உண்டு, அடுத்த வருஷத்தை நினைத்து இப்போதே பல்லைக் கடிக்கிறவர்களும் உண்டு. அவர்கள் கடிக்கட்டும்.

மச்சான் தோளைத் தேய்த்துக்கொண்டு தங்கச்சிக்கு எதிரே வந்து நின்றார். ரெண்டு பேரும் நனைந்த கோழிகள்மாதிரி இருந்தார்கள்.

“முன்தோளு போனாப் போகுது” என்றார் முறைப்பாக. “நிலக்ஷியக் கைப்புடிச்சு நான்தான் கூட்டியாருவேன். அத எந்த லயத்துக்கும் நேந்து விட்டுறாத.”

“அது ஒங்களுதுதான் அண்ணே” என்றாள் றோசலின். “அத யாரு கேட்டா?”

அப்புறம் அவள் அவருடைய சிவந்துபோன தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவர் அவள் ஈரத் தலையைத் தடவிக்கொடுத்தார்.